தொந்தி கரைத்த தவக்காலம்

சபாக் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் ரெய்மண்டுக்கு ஒரே ஓர் ஆசை. புனித வெள்ளி நாடகத்தில் ஒருமுறையாவது இயேசுவாக நிற்க வேண்டும். அவனுடைய தொந்திக்கு வருஷா வருஷம் ரோமை வீரன் வேஷம்தான் கிடைத்தது. "பாடுபட்டவரு மாதிரி தெரியணும்லா, ரெய்மண்ட்," என்று ஃபாதர் சிரித்தே தட்டிக்கழித்துவிடுவார்.

இந்த வருஷம் மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தவக்காலம் தொடங்கியதும், புஞ்சாக் ஆலாமில் கல்லூரியில் படிக்கும் மகள் கெய்ட்லின் அவன் கைப்பேசியில் விரதச் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். மதியம்வரை பச்சைத் தண்ணீர்தான் என்றது அது. பொழுது சாய்ந்தால் ஓடு என்றது. செம்பனை மரங்களுக்கு நடுவே ஓடினான். நாய்கள் துரத்தியதால் இன்னும் நன்றாகவே ஓடினான். ஈஸ்டர்வரை சீனியைத் தொடுவதில்லை என்று சத்தியமும் செய்தான். மனைவி மவுரீன் கோழி வறுத்தால் வாசலில் போய் நின்று ஜெபமாலை உருட்டினான். தொந்தி கரைந்தது, வேஷமும் கிடைத்தது. தலைகால் புரியவில்லை அவனுக்கு.

அந்தக் குஷியில் வள்ளியம்மாவை மறந்தே போனான். தோட்ட முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் அவர். சீனிப்பால் ஊற்றி நுரைக்க ஆற்றும் தேநீரான தே தாரேயில் தினமும் முதல் கோப்பை அவனுக்குத்தான். இப்போதோ, வாசம் இழுத்துவிடும் என்று பயந்து, கடையைக் கண்டதும் லோரிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பறந்தான். காரணத்தைச் சொல்லவே இல்லை.

"நான் என்ன தப்பு செஞ்சேன்? தம்பி மொகத்தக்கூட திருப்ப மாட்டேங்குதே," என்று அவர் கண்டவரிடமெல்லாம் புலம்பினார்.

புனித வெள்ளியன்று தேவாலயத் திடலில் ஊரே கூடியது. சிலுவையில் ரெய்மண்ட். தாகத்தால் முனகும் கட்டம் வந்தது. ரோமை வீரன் அந்தோனி கடற்பஞ்சு கட்டிய ஈட்டியைத் தூக்கப் போனான்.

"அடேய், தம்பிக்கு நாக்கு வறண்டு போச்சுடா!"

வள்ளியம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையில் ஸ்ட்ரா செருகிய தே தாரே பாக்கெட். அந்தோனி ஃபாதரைப் பார்த்தான். ஃபாதர் வானத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பாக்கெட்டை ஈட்டி நுனியில் மாட்டி உயர்த்தினான்.

ரெய்மண்டுக்கு வியர்த்தது. இன்னும் இரண்டு நாள் பல்லைக் கடித்தால் சத்தியம் நிறைவேறிவிடும். கீழே வள்ளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

"எம்மேல என்ன கோவம் தம்பி?"

அவன் கழுத்தை நீட்டினான். ஸ்ட்ராவைக் கவ்வி ஒரே மூச்சில் உறிஞ்சித் தீர்த்தான்.

"ஒங்க மேல கோவமில்லக்கா. ஒங்க தேயைப் பாத்தாதான் எனக்குப் பயம்."

சிலுவையில் கட்டியிருந்த மைக் அதைத் திடல் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிரிக்கக்கூடாத அந்த நாளில் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க, வள்ளியம்மா மட்டும் வாய்விட்டு அழுதார்.