இரண்டு நீளக்கோடு

புடவைக்கு மேல் ஆண்சட்டை போட்டுக்கொண்டு நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் அந்த அம்மாவுக்குக் கட்டைவிரல் ஓயாது. மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே இருப்பார். காலையில் டிராக்டர் பெட்டியில் பெண்கள் ஏறியதும் எண்ணி, பெட்டியின் பக்கப் பலகையில் சாக்பீஸால் கோடு போடுவார்.

செய்யாற்றில் திடீரென்று தண்ணீர் ஏறிய அன்று, பெருநகர் கிராமத்துக் கரையில் ஆள் கணக்கெடுக்க என்னை நிறுத்தியிருந்தார்கள். அக்கரையில் நட்டுக்கொண்டிருந்தவர்களை டிராக்டர் இரண்டு நடையாக ஏற்றிவந்தது. பலகையில் நீளக்கோடு இரண்டு, சின்னக்கோடு மூன்று இருந்தன. இருபத்துமூன்று பேர் இறங்கியதும், "முடிஞ்சுது, வண்டிய ஓரங்கட்டு" என்றேன் டிரைவரிடம்.

இரண்டாம் நடையில் வந்திருந்த அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "இன்னா சார், நாத்து பறிக்கிற நாலு பேரு பின்னால வந்துக்கினு கீறாங்களே."

"இருபத்துமூணுதானே போட்டிருக்கீங்க?"

தன் விரல்களை விரித்துக் காட்டினார். "வெரலுக்கு மூணு கணு. நாலு வெரலுக்குப் பன்னெண்டு. அதான் சார் பெரிய கோடு."

இருபத்தேழு பேர்.

டிராக்டர் அந்த நால்வரோடு திரும்பியபோது தண்ணீர் எஞ்சினைத் தொட்டிருந்தது.

மறுவாரம் அதே வண்டியைப் பார்த்தேன். பலகையில் நீளக்கோடே இல்லை. இருபத்தேழு சின்னக்கோடுகள், ஒவ்வொன்றாக. யாருக்காக அப்படிப் போட்டார் என்று கேட்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.