எல்லோருக்கும் என் நட்சத்திரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷம் தயங்கினேன். சாமி காரியத்தில் நான் செய்த பிழை, அதுவும் கம்ப்யூட்டர் பிழை. ஐ.டி.ஐ. முடித்து அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவன் நான். பட்டாபிராமிலிருந்து ரயிலில் போகவர, போனில் பார்த்துப் பார்த்து, வலைப்பக்கம் எழுதும் கம்ப்யூட்டர் மொழியான ஜாவாஸ்கிரிப்டைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தெரு முருகன் கோயிலுக்குப் புதுக் குருக்கள் வந்தார். யாருக்கு என்ன நட்சத்திரம் என்று அவருக்குத் தெரியாது. டேப்லெட்டில் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். பெயரைத் தொட்டால் நட்சத்திரம் பெரிய எழுத்தில் வரும். நம் வீடு முந்தக்கூடாது என்று என் பெயரைக் கடைசியில் வைத்தேன். அதைத்தான் தொட்டும் பார்த்தேன். ரேவதி. சரியாக வந்தது. முருகா என்று கொடுத்துவிட்டேன்.

அதை வைத்து அர்ச்சனை செய்த முதல் நாள் வெள்ளிக்கிழமை. ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஓர் அம்மா அர்ச்சனைக்கு வந்தார். அவர் கணவருக்குத் திங்கட்கிழமை இதய ஆபரேஷன்.

"சாமி, நிறுத்துங்க. இன்னாது, ரேவதியா? எங்க ஊட்டுக்காரரு பூசம்."

"இதுல ரேவதின்னுதாம்மா வருது," என்றார் குருக்கள்.

"அதுவா அவரைப் பெத்துச்சு?"

வரிசையில் நின்ற நான் ஓடிப்போய் ஒவ்வொரு பெயராகத் தொட்டேன். எல்லாம் ரேவதி. அன்று அதுவரை நடந்த அத்தனை அர்ச்சனையும் என் நட்சத்திரத்துக்கே போயிருக்கிறது!

"எல்லார் புண்ணியத்தையும் அண்ணாத்தே ஒருத்தரே வாரிக்கினாரு," என்று வரிசையில் ஒருவர் சொல்ல, சிரிப்பு. அந்த அம்மா சிரிக்கவில்லை.

நான் எழுதியதை டேப்லெட்டில் திறந்தேன். எங்கள் மாடியில் குடியிருக்கும், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணும் வரிசையில் இருந்தாள்; எட்டிப் பார்த்தாள். "அண்ணா, var போட்டிருக்கீங்க. let போடுங்க."

ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். பூசம் வந்தது. குருக்கள் முதலிலிருந்து சங்கல்பம் சொன்னார். போனவர்களையும் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, மறுபடி செய்ய வைத்தேன்.

ஒரு சொல்லில் அப்படி என்ன இருக்கிறது? ஞாயிறு முழுக்க அதே யோசனை. எழுதி எழுதிப் பார்த்ததில் புரிந்தது. பெயருக்கு ஒரு சுற்றாகக் கம்ப்யூட்டர் பட்டியலை ஓட்டுகிறது. var என்றால் அத்தனை சுற்றுக்கும், எல்லோருக்கும் ஒரே அர்ச்சனைத் தட்டு. வருகிறவர் முந்தினவர் தேங்காயை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைப்பார். பிறகு யார் கேட்டாலும் கடைசி ஆள் தேங்காய்தான். let என்றால் சுற்றுக்கு ஒரு தட்டு. const போட்டும் பார்த்தேன். அதுவும் சுற்றுக்கு ஒரு தட்டுதான், ஆனால் வைத்ததை எடுத்து வேறு வைக்க விடாது. வேண்டுமென்றே வைத்துப் பார்த்தேன், சிவப்பு எழுத்தில் பிழை காட்டியது. பிறந்த நட்சத்திரம் மாறுமா? const என்றே எழுதிவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் தாமே நடந்து கோயிலுக்கு வந்தார். let போட்டதால் பிழைத்தார் என்று தெருவில் சிலர் சொல்லத் தொடங்கினார்கள். அப்படியில்லை. காப்பாற்றியது முருகன் அருளும் டாக்டர்கள் கையும். நான் என் தப்பைத் திருத்தினேன், அவ்வளவுதான். இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் அற்புதம் எதையும் சேர்க்காமல், என் பெயரை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன் என்பதையும் விடாமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.