முப்பத்தொரு கடிதங்களும் ஒரு பழைய பிரிண்டரும்

அந்தத் தாளில் என் பெரியம்மாவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நட்சத்திரங்களும், ஒரு கேள்விக்குறியும், எந்த மொழியிலும் சேராத சில கோடுகளும் இருந்தன. மேலே தோட்டத்துக் கம்பெனியின் பெயர் பச்சை மையில் அழகாக அச்சாகியிருந்தது. கீழே மேனேஜர் கையெழுத்துப் போடவேண்டிய இடம் காலியாக இருந்தது. நடுவில் ஒரு முழு மனுஷியின் ஐம்பது வருட வாழ்க்கை வெறும் கிறுக்கலாகக் கிடந்தது.

போன மாதம் எங்கள் வீட்டுப் பழைய பிரிண்டரைப் புதிய வைஃபையோடு இணைக்க ஒரு மத்தியானம் முழுக்கப் போராடினேன். கடவுச்சொல்லைப் போட்டாயிற்று, அணைத்துப் போட்டாயிற்று, ரவுட்டரின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தும் பார்த்தாயிற்று. கடைசியில் அது ஒரு தாளைத் துப்பியபோது அதில் பாதிப் பக்கம் கிறுக்கலாக வந்தது. மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலேசியாவில், லாபு ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் ஆபிஸும், வியர்வையில் முதுகோடு ஒட்டிய வெள்ளைச் சட்டையோடு அதில் நின்றிருந்த பெரிய கிராணியாரும்தான் கண்முன் வந்தார்கள்.

தோட்டத்தில் கிராணி என்றால் ஆபிஸ் கணக்கப்பிள்ளை. எங்கள் கிராணியார் இளைஞராக அந்த ஆபிஸுக்கு வந்து, பெரிய கிராணியாகி, தலை நரைத்தவர். தொண்ணூறுகளின் நடுவில் நான் அவருக்குக் கீழே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். பால்மரம் வெட்டும் குடும்பத்திலிருந்து அந்த ஆபிஸுக்குள் வேலைக்குப் போன முதல் பெண் நான். அவர் கத்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். ஆனால் கவுண்டரில் ஆள் வந்து நின்றால் தலையை நிமிர்த்தவும் மாட்டார். "என்னா?" என்று தாளைப் பார்த்தபடியே கேட்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து, கேட்க வந்ததை மறந்து திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று ஒரு தொழிலாளியோடு பேசி நான் பார்த்ததில்லை.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் தோட்டம் விற்கப்பட்டது. வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது, லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி செய்ய வேண்டும் என்று செய்தி வந்தது. கூடவே, பக்கத்துப் பட்டணங்களான நீலாயிலோ சிரம்பானிலோ கட்டப்போகும் மலிவு விலை வீடுகளுக்கு மனுப் போடலாம் என்றார்கள். நீல அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் மட்டும். அதாவது குடியுரிமை உள்ளவர்கள் மட்டும்.

எங்கள் தோட்டத்தில் முப்பத்தொரு பேரிடம் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டைதான் இருந்தது. என் பெரியம்மா அவர்களில் ஒருத்தி, அம்மாவின் அக்காள். அந்த லயத்திலேயே பிறந்தவள். பிறந்தபோது யாரும் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் கிடையாது. பத்து வயதில் பால்வெட்டக் காட்டுக்குப் போனவள், ஐம்பது தாண்டியும் விடிவதற்குள் வாளியோடு மரத்தடியில் நின்றாள். பெரியப்பா செத்துப்போயிருந்தார். தமிழ்ப்பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலை ஒன்று வந்தபோது சிவப்பு அட்டை என்று சொல்லி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது வீடும் கிடையாது. "பொறந்த மண்ணுல நான் விருந்தாளியாம்லா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் அப்படிச் சிரிக்கும்போது அம்மா வேறு பக்கம் பார்ப்பாள்.

விற்பனைச் செய்தி வந்த வாரமே கிராணியார் என்னைக் கூப்பிட்டார். அலமாரியிலிருந்து பழைய பேரேடுகளை இறக்கி மேசையில் அடுக்கியிருந்தார். யார் எந்த வருடம் எந்தப் பிரிவில் வேலை செய்தார் என்று நாள் வாரியாக எழுதியிருந்த பதிவுகள் அவை. ஜப்பான்காரன் காலத்துக்குப் பின்னால் வந்த ஏடுகூட அதில் இருந்தது. "இந்த முப்பத்தொரு பேரும் இங்கயேதான் பொறந்து வளர்ந்தாங்கன்னு கம்பெனி லெட்டர் வேணும். ஆபிஸ் மூடுறதுக்குள்ள எல்லாத்தயும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். முடியுமா பிள்ளை?" என்றார். அவர் என்னிடம் முடியுமா என்று கேட்டது அதுவே முதல் தடவை.

மூன்று மாதம் உட்கார்ந்து ஏற்றினோம். ஒரே பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருக்கும். தகப்பன் பெயரை வைத்து, லயத்து எண்ணை வைத்து, இன்னார்தான் என்று பிடிக்க வேண்டும். பூச்சி அரித்த பக்கங்களை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொல்வார், நான் அடிப்பேன். மதியச் சாப்பாட்டைக்கூட மேசையிலேயே முடித்துக்கொள்வார். இந்த மனிதருக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசி வாரத்தில்தான் அந்தச் சோதனை வந்தது. தலைமை அலுவலகம் அனுப்பிய புதிய கம்ப்யூட்டரோடு பிரிண்டர் வரவில்லை. மூடப்போகும் ஆபிஸுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். தட்டச்சு இயந்திரமோ இரண்டு வாரம் முன்பே லோரியில் ஏறி வேறு தோட்டத்துக்குப் போயிருந்தது. ஸ்டோரில் ஒரு பழைய பிரிண்டர் மட்டும் கிடந்தது. நாடாவில் ஊசி குத்தி எழுதும் வகை, அடித்தால் பக்கத்து அறைவரை கேட்கும். சிரம்பானுக்குக் கொண்டுபோய் அடிக்கலாமென்றால், தலைமை அலுவலகத்து மென்பொருள் வேறு கம்ப்யூட்டரில் திறக்காது. கையால் எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட மேனேஜர் மறுத்துவிட்டார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள மேசைக்கு வரணும். சனிக்கிழமை நான் இங்க இல்ல" என்று முடித்துக்கொண்டார். திங்கட்கிழமை ஆபிஸ் சாவி புதியவர்கள் கைக்குப் போய்விடும்.

பழைய பிரிண்டரின் கேபிள் புதிய கம்ப்யூட்டரில் பொருந்தவில்லை. ஒரு பக்கம் இருபத்தைந்து ஊசி, மறு பக்கம் ஒன்பது. புதன்கிழமை கிராணியாரே மோட்டார் சைக்கிளில் சிரம்பானுக்குப் போய், நடுவில் மாட்டும் துண்டு ஒன்றை வாங்கி வந்தார். வியாழக்கிழமை மாலை அதை மாட்டினோம். பிரிண்டர் உயிர்பெற்று அலறியது. இருவரும் குனிந்து பார்த்தோம். நான் முதலில் சொன்ன அந்தத் தாள் வந்தது. நட்சத்திரமும் கேள்விக்குறியும்.

ஏழு தாள் பாழானது. கேபிளைக் கழற்றினோம், திருப்பி மாட்டினோம், அணைத்துப் போட்டோம். பிரிண்டரைத் தனியாகச் சோதித்தால் ஏபிசிடி ஒழுங்காக வந்தது. திரையிலும் பெயர்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. இரண்டையும் சேர்த்தால் கிறுக்கல். "விடுங்கய்யா, இதுக்கு மேல நம்மால என்னா செய்ய முடியும்" என்றேன். உண்மையில் எனக்கு அலுத்துவிட்டிருந்தது.

அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். பெரியம்மாவின் பெயர் வராத தாளைக் கையில் வைத்திருந்தார். "உன் பெரியம்மா பாரம் எங்கிட்டதான் இருந்துச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் குடியுரிமைக்கு மனுப் போடும்படி தோட்டங்களுக்கு விண்ணப்பப் பாரங்கள் வந்தனவாம். அவர்தான் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பூர்த்தி செய்தார், கைநாட்டு வாங்கினார், படம் ஒட்டினார். அந்த நேரம் அவருக்குக் கல்யாணம். வந்து அனுப்பலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது வேலை குவிந்து கிடந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினார். கெடு முடிந்துபோயிற்று. "அனுப்பலன்னு சொல்ல பயமா இருந்துச்சு. கேட்டவங்ககிட்ட, அனுப்பிட்டேன், பதில் வரும்னேன். ரெண்டு வருசம் கேட்டாங்க. அப்புறம் யாரும் கேக்கல." கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு, "அதுக்கப்புறம் அவங்க மொகத்தப் பாத்துப் பேச எனக்கு வரல" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

லயத்தில் பெரியம்மா சட்டிபானைகளைப் பழைய சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே போகப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. "லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டாள். "நாளைக்கு" என்றேன். கிராணியார் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் சொன்னதைப் போன்ற பதிலையே நானும் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கிராணியாருக்காக இல்லை. கிறுக்கல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சிரம்பானின் தெமியாங் பகுதியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையின் வாசலில் திறக்கும் முன்பே போய் நின்றேன். கடைக்காரர் வயதான சீனர். தாளை ஒரு தடவை பார்த்தார், எதையும் விற்கவில்லை. "கேபிள் சரிதான். ரெண்டுக்கும் வேகம் வேற வேற. கம்ப்யூட்டர் வேகமா சொல்லுது, கிழவனுக்குக் காது கேக்கல" என்று மலாயில் சொன்னார். பிரிண்டரின் மூடியைத் திறந்தால் நாடாவுக்குக் கீழே அரிசி அளவில் எட்டுச் சுவிட்சுகள் இருக்கும். அவை எப்படி நிற்கின்றன என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் படம் போட்டுக் கொடுத்தார்.

நான் திரும்பியபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. ஆபிஸுக்கு வெளியே புல்லில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பால்வெட்டு முடித்து, குளித்து, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். உள்ளே கிராணியார் தனியாக நின்றிருந்தார். நான் வருவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து சுவிட்சுகளை எண்ணினேன். முன்பின் தெரியாத ஒரு மேலதிகாரியிடம் பேசுவதுபோல, "மூணாவது மேல இருக்கு, நாலாவது கீழ" என்றேன். அவர் படத்தைப் பார்த்து, "அப்ப ஆயிரத்து இருநூறு" என்றார். அந்த எண்ணைப் போட்டேன்.

பிரிண்டர் நிதானமாக அடித்தது. முதல் வரியில் தேதி. இரண்டாவது வரியில் மலாயில் விலாசம். மூன்றாவது வரியில் என் பெரியம்மாவின் பெயர், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல். எனக்கு அழுகை வந்தது. கிராணியார் அடுத்த தாளைச் செருகினார்.

மூன்றரை மணிக்கு முப்பத்தொரு கடிதங்களும் மேனேஜர் மேசைக்குப் போயின. நாலு மணிக்குக் கையெழுத்தோடு திரும்பின. நான் கொடுத்துவிடுகிறேன் என்று கை நீட்டினேன். அவர் தரவில்லை. வெளியே போய்ப் படியில் நின்றார். இழுப்பறையில் வைத்தது, அனுப்பாமல் விட்டது, பொய் சொன்னது, எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சொன்னார். குரல் பெரிதாக இல்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

பின்னாலிருந்து ஒரு கிழவி, "எம் புருசன் அந்தச் செகப்பு அட்டையோட செத்தாருய்யா" என்றாள். ஓர் ஆள் எழுந்து காறித் துப்பிவிட்டுக் கொஞ்ச தூரம் போய், கடிதத்துக்காகத் திரும்பி வந்தான். கிராணியார் தலை குனியாமல் நின்றார்.

முதல் கடிதம் பெரியம்மாவுடையது. இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல கிராணியாரே. வாசிங்க" என்றாள். அவர் வாசித்தார். இன்னார் மகள், இந்தத் தோட்டத்தில் பிறந்தவர், இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்தவர் என்று மலாயிலும் தமிழிலும் சொன்னார். பாதியில் நிறுத்தினார். அவள் காத்திருந்தாள். முடிந்ததும், "இன்னொருவாட்டி வாசிங்க" என்றாள். மறுபடி வாசித்தார். அப்புறம்தான் வாங்கினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

கடிதம் கிடைத்தால் மறுநாள் அட்டை கிடைத்துவிடாது. நேர்காணல், சாட்சி, மலாய்ப் பேச்சுத் தேர்வு, மறுபடி வாருங்கள் என்று வருடக்கணக்காக இழுத்தது. பெரியம்மா எங்களோடு சிரம்பானில் வாடகை வீட்டில் இருந்தாள். கிராணியார் தெமியாங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். யாருக்கு நேர்காணல் என்றாலும், பேரேட்டிலிருந்து பிரதி எடுத்த பக்கங்களை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே வந்து பதிவு அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முதலில் சிலர் அவரோடு பேச மாட்டார்கள். அவரும் பேசச் சொல்லவில்லை. தேவைப்படும் தாளை மட்டும் எடுத்து நீட்டுவார்.

பெரியம்மாவுக்கு நீல அட்டை கிடைத்த அன்று நானும் போயிருந்தேன். அவள் வெளியே வந்து, அட்டையைச் சேலை முந்தானையில் துடைத்தாள். அதில் அழுக்கே இல்லை. பிறகு நேராகப் பெஞ்சுக்குப் போனாள். அவர் எழுந்து நின்றார்.

"கெடச்சிருச்சு" என்றாள். "போதும் கிராணியாரே. இனிமே நீங்க இங்க வந்து குந்த வேணாம். வீட்டுக்குப் போங்க."

அவர் அட்டையைக் கையில் வாங்கி, பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் பதினோரு பேரு இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த கோப்பைத் திறந்தார். பெரியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு என்னிடம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.