மழை வரும் என்று சொல்லும் உரிமை

ராமாத்தாள் கிணற்றுக் கலங்கலைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். குடத்தின் வாயில் துணியைக் கட்டிச் சொம்பால் மொண்டு ஊற்ற, சேறு மேலே தங்கிவிட்டுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியது. கட்டுத்தறியில் மாடுகள் அந்தச் சத்தத்துக்குக் காதை விடைத்துக்கொண்டு நின்றன.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இந்தத் தோட்டத்துக்கு அவள் வாக்கப்பட்டு வந்தபோது, இதே கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக் கடலைக்காடு முழுக்கத் தண்ணீர் பாயும். பெற்ற பெண்கள் இதில்தான் நீச்சல் பழகினார்கள். இப்போது கட்டிக்கொடுத்த இடங்களில் இருக்கிறார்கள். தண்ணீர் இறங்க இறங்கக் கிணற்றை வெட்டினார்கள். பாறை வந்தது, வெடி வைத்தார்கள். பாறைக்குக் கீழேயும் பாறைதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் புருஷன் சென்னிமலை கூப்பு வேலைக்குப் போனார், ஆனைகட்டி வழியாக அகளி மலைக்கு.

கூப்பு என்றால் என்னவென்று அப்போது அவளுக்குத் தெரியாது. கை கூப்புகிற காரியம்போல, மலைமேல் ஏதோ கோயில் எழுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "எங்கூட்டுக்காரரு சாமி காரியமாப் போயிருக்கறாருங்க" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். காட்டை ஏலம் எடுத்து மரம் சாய்க்கிற இடத்துக்கு மலையாளத்தில் அப்படிப் பேர் என்று பக்கத்துத் தோட்டத்துக் காளியாத்தாள்தான் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுச் சொன்னாள். இன்றைக்கும் அவள் விடுகிறதில்லை.

"ஏனுங்க்கா, பூசாரி எப்ப வர்றாரு?"

பூசாரி இன்றைக்குத்தான் வந்திருந்தார். ஆடி பிறந்தும் ஒரு தூறல் இல்லை. ஊரில் மழைச்சோறு எடுக்கிறார்கள். பெண்கள் வீடு வீடாக உப்பில்லாச் சோறு வாங்கி, மாரியம்மன் கோயில் முன்னால் ஒன்றாகப் பிசைந்து தின்பார்கள். பிறகு பஞ்சம் பிழைக்கப் போகிறவர்களாக மூட்டை முடிச்சோடு ஒப்பாரி வைத்துக்கொண்டு எல்லைக்கல் வரைக்கும் நடப்பார்கள். அங்கே ஓர் ஆண்பிள்ளை வழி மறித்து, "போகாதீங்க தாயே, மழ வரும்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் திரும்பலாம். சொல்கிற உரிமை சென்னிமலை வீட்டாருடையது. ராமாத்தாள் வந்த புதிதில் அவர் அப்படிச் சொல்லி, பெண்கள் வீடு வந்து சேர்வதற்குள் சேலை நனைந்துவிட்டது. அந்தக் குரலை அவள் இன்னும் மறக்கவில்லை.

இந்தத் தடவை அவளுக்கு இது வெறும் சடங்கில்லை. போன தடவை வந்தபோதே, "கூப்புல சமையலுக்கு ஆள் தேடறாங்க. மாட்ட வித்துப்போட்டு நீயும் வந்துரு" என்று அவர் சொல்லியிருந்தார். ஒரு மழை இறங்கினால் போதும், கடலை விதைத்துவிடலாம். வீட்டைப் பூட்ட வேண்டாம்.

எல்லைக்குப் போகிற வழியில் காளியாத்தாள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு, "ரேடியோவுல சொன்னாங்க, கேட்டீங்களா? ஆப்பிரிக்காவுலயும் மழ இல்லியாமா. ஆடு மாடெல்லாம் செத்துக் கெடக்குதாம்" என்றாள்.

"அது எங்கடி இருக்குது?"

"ஆருக்குத் தெரியும்? அங்கயும் உங்கூட்டுக்காரராட்ட ஒருத்தரு கூப்புக்குப் போயிருப்பாரு."

மாரடித்த கையோடு பெண்கள் சிரித்தார்கள். ராமாத்தாளும் சிரித்தாள்.

எல்லைக்கல்லில் சென்னிமலை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கைவிரல்களில் மட்டும் மரப்பால் கறை போகவில்லை. ஒப்பாரி அடங்கிற்று. அவர் பெண்களைப் பார்க்கவில்லை. அவர்கள் தலைக்கு மேலே, வடக்கே தெரிந்த மலையைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

"சொல்லுங்க மாமா, காலு சுடுது" என்றது ஒரு குரல்.

அவர் சொல்லவில்லை. கடைசியில் ஊர்ப்பெரியவர் கந்தப்பன், பஸ்ஸில் சண்டை விலக்குகிறவர்போல முன்னால் வந்து, "சரி சரி, மழ வரும். ஊடு போய்ச் சேருங்க" என்றார். பெண்கள் திரும்பினார்கள்.

வீட்டில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ராமாத்தாள் இடுப்பு மூட்டையைச் சுவரோரம் வைத்தாள்.

"ஏனுங்க, அந்த ஒரு வார்த்தைக்கு வாயில என்னங்க அடைச்சுது?"

"பொய் சொல்லச் சொல்றியா புள்ள?"

"வருசா வருசம் சொன்னது மட்டும் நெசமுங்களா?"

"அப்பத் தெரியாது. இப்பத் தெரியுது." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொத வருசம் நாங்க போறப்ப, மேகம் மரத்து மேல வந்து கோழி அடைகாக்கறாப்ல உக்காந்துக்கும். ஆடியில போட்ட சட்ட காயாது. நாங்க சாய்க்கச் சாய்க்க அது மேலயே போயிருச்சு. இப்ப நிக்கறதே இல்ல. ஓடையும் வத்தி, அந்த மலைச்சனமும் குடத்தத் தூக்கிக்கிட்டு அலையுது. நம்ம மழ அங்கிருந்து எறங்கி வரோணும். அந்த எடத்த வெட்டுனவனே நான். எந்த வாயில சொல்றது?"

"அப்ப வெட்டறத உட்டுருங்க."

"உட்டுப்போட்டு எதத் திங்கறது? கெணத்துப் பாறையவா?"

உலையில் வேகிற அரிசி கூப்பிலிருந்து வந்தது. உலைக்குக் கீழே எரிகிற சிராயும் அங்கிருந்து வந்ததுதான்.

"பொழுது சாயறதுக்குள்ள லாரி வந்துரும். வர்றதுன்னா மூட்டையக் கட்டு" என்றார்.

மூட்டை கட்டித்தான் இருந்தது. சடங்குக்காகக் கட்டியது, உள்ளே ஒரு பழஞ்சேலையும் ஓட்டை முறமும். ராமாத்தாள் அதை எடுத்து மறுபடியும் இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இதுதான் எல்லைக்கல்லுன்னு வச்சுக்கங்க. நான் போறனுங்க. எனக்கு மட்டும் ஒருக்காச் சொல்லுங்க. பொய்யாவே சொல்லுங்க."

சென்னிமலை எழுந்தார். அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கொடியில் கிடந்த துண்டை உருவி உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல்நிலை இடிக்காமல் தலையைக் குனிந்து வெளியே இறங்கி, லாரி வரும் பாதையைப் பார்த்து நடந்தார்.