மூடியில் குங்குமக் கறை

வீட்டு லேப்டாப் நேற்றோடு உயிரை விட்டது. ப்ளஸ் டூ படிக்கிற மகளுக்கு வேண்டுமே என்று, இன்று காலை ஷிப்ட் முடிந்ததும் கும்மிடிப்பூண்டியில் சர்ச் நடத்தும் கடைக்குப் போனேன். யாராவது தானமாகக் கொடுத்த பழைய பொருள்களை அங்கே மலிவாக விற்பார்கள்.

மேசையில் ஒரு கறுப்பு லேப்டாப். மூடியில் குங்குமக் கறை.

ஆயுத பூஜைக்கு அந்தப் பொட்டை வைத்ததே நான்தான். தங்கச்சி மகள் திவ்யா காலேஜில் சேர்ந்தபோது நான் கொடுத்த லேப்டாப் அது.

"இத யாரு குட்தாங்க?"

"ஒரு பொண்ணுண்ணா. கம்பெனி யூனிபார்ம் போட்டுக்கினு வந்துச்சு. படிக்கிற புள்ளைக்குக் குடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு," என்றார் கடையில் இருந்த பெண்.

வெளியே வந்து தங்கச்சிக்கு போன் போட்டேன். "திவ்யா இன்னா பண்றா?"

"காலேஜுக்குப் போயிருக்காண்ணா."

மகள் படிப்பை விட்டுக் கம்பெனிக்குப் போவதை மறைத்துப் பொய் சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு வேலை போய் நாலு மாதம். நான் ஒரு நாளாவது எட்டிப் பார்த்தேனா?

லேப்டாப்பை வாங்கி வந்துவிட்டேன். பொட்டைப் பார்த்ததும் மகள் கேட்கிறாள்: "இது திவ்யாக்காவுதாச்சே. அக்காவுக்கு வேணாமாப்பா?"

பதில் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பிள்ளை இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.