சிஸ்டர் ஒத்திலியாவின் சூனியக்காரி

ஓட்ஸ் கஞ்சியின் முதல் கரண்டி கஜலக்சுமிக்குத்தான். நின்றபடியே வாயில் போட்டு, விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டுகிறாள். நாற்காலியில் இருக்கும் சிஸ்டர் ஒத்திலியா அந்த நாக்கை நன்றாகப் பார்த்து, நஞ்சு இல்லை என்று முடிவு செய்த பிறகே தன் வாயைத் திறப்பார். அறையில் இன்னொரு நாற்காலியும் உண்டு. அதன் குறுக்கே சிஸ்டரின் ஊன்றுகோல் கிடக்கிறது. சூனியக்காரி அதில் உட்காரக் கூடாது.

சூனியக்காரி யார் என்றால், நம் கஜலக்சுமிதான். கூர் நகரத்திலிருந்து மஞ்சள் பஸ்ஸில் மலையேறி, இந்தக் கன்னியர் மடத்தின் முதியோர் பகுதிக்கு வேலைக்கு வருகிறாள். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, உருண்டையான உடம்பு. சிரிப்பு வந்தால் கையிலுள்ள தட்டை எங்காவது வைத்துவிட்டுத்தான் சிரிப்பாள். மடத்துச் சூப்பை நோயாளிக் கஷாயம் என்பாள். சீருடைப் பையில் மிளகாய்த்தூள் போத்தல் ஒன்று எப்போதும் இருக்கும். வயதான கன்னியர் இரண்டு பேர் சூப்பைத் தொடாமல் அவள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சிஸ்டர் ஒத்திலியா நாற்பது ஆண்டுகள் மடத்தின் பழைய ஆவணங்களைக் காத்தவர். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே மடத்தில் ஓர் இளம் கன்னிக்குப் பேய் பிடித்ததாம். அவள் சுட்டிக்காட்டிய இன்னொரு கன்னியைச் சூனியக்காரி என்று விசாரித்து, எரித்தே விட்டார்களாம். அந்த விசாரணை முழுவதும் சிஸ்டருக்கு மனப்பாடம். இப்போது நினைவு தடுமாறி மற்றதெல்லாம் போய்விட்டது. அது மட்டும் போகவில்லை. அதனால் காலையில் கஞ்சியோடு வருபவளை விசாரிக்கிறார்.

விசாரணை நடப்பது ஜெர்மன் மொழியில். கஜலக்சுமி வீட்டுக்கு வந்து சொல்லும்போது எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பார்கள், சிஸ்டர் உட்பட.

"நீ பறந்துதானே வந்தனி?"

"ஓம் சிஸ்டர். கட்டுநாயக்காவிலை பிளேன் ஏறினனான்."

"உன்ரை தலையிலை மணக்கிறது சூனியக்காரியள் பூசிப் பறக்கிற எண்ணெய்தானே?"

"தேங்காயெண்ணெய் சிஸ்டர். பறக்க உதவாது, தலைமயிர் கொட்டாமல் இருக்கத்தான்."

"உன்னோடை ஆர் ஆர் பறந்தவை? பேரைச் சொல்லு!"

"ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான் வந்தனான்."

இந்தக் கடைசிக் கேள்வியைச் சிஸ்டர் மூன்று தரம் மாற்றி மாற்றிக் கேட்பார். மூன்று தரமும் பதில் மாறாது. அந்த வித்தையை அவள் கற்றது, தஞ்சம் கேட்டு இந்த நாட்டுக்கு வந்து விசாரணைக்கு இருந்த காலத்தில். "கேள்வியை எப்பிடித் திருப்பிக் கேட்டாலும் பதில் ஒண்டாயிருக்கோணும்" என்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிப்பதில்லை.

அவளுடைய ஒட்டுப் பொட்டுத்தான் பெரிய வழக்கு. அது பிசாசு வைத்த முத்திரை என்றார் சிஸ்டர். கஜலக்சுமி பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். முத்திரை அதற்கு அடியில் இருக்கிறது என்றார் சிஸ்டர். பழைய நீதிபதிகள் அந்த இடத்தில் ஊசியால் குத்திப் பார்ப்பார்களாம். இரத்தம் வராவிட்டால் சூனியக்காரி. போன செவ்வாய்க்கிழமை, தலையணையைச் சரிசெய்யக் குனிந்தவளின் நெற்றியில், சால்வையிலிருந்த ஊக்கைக் கழற்றிச் சிஸ்டர் குத்தியே விட்டார்.

இரத்தம் வந்தது. மூக்கின் மேலாக வழிந்து வெள்ளை விரிப்பில் சொட்டியது. சிஸ்டர் ஊக்கைப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரிவுப் பொறுப்பாளர் ஓடிவந்தார். நல்ல மனுஷி. வாசலில் நின்றே சொன்னார்: "வேலைக்கு வாற இடத்திலை ஒருத்தரும் குத்து வாங்கத் தேவையில்லை. இஞ்சை வேலை செய்யிற மற்ற ரெண்டு பேரும் இந்த அறைக்கு வரமாட்டம் எண்டிட்டினம். நீங்களும் ஏலாது எண்டால், இவவைக் கீழை கூர் ரவுனிலை பூட்டி வைக்கிற வார்டுக்குத்தான் அனுப்போணும். நாளைக்குக் காலமை சொல்லுங்கோ."

பத்தொன்பது வயதில் இந்த மடத்துக்குள் வந்தவர் சிஸ்டர். அதன்பிறகு வேறெங்கும் வாழ்ந்ததில்லை. சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் கணவர் இராஜேந்திரன் நெற்றியைப் பார்த்துத் துள்ளினார். "உமக்கென்ன விசரே? ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வாரும்!"

"சூனியக்காரி எண்டுதானே சொல்லுறா, கள்ளி எண்டு சொல்லேல்லையே" என்று சிரிக்கப் பார்த்தாள். குத்திய இடம் விண்ணென்று வலித்தது, சிரிப்பு அழுகையாகிவிட்டது. இத்தனை நாள் கஞ்சி ஊட்டிய கைக்கு இதுவா மரியாதை என்று கோபமும் வந்தது. இனி அந்த அறைப் பக்கம் போவதில்லை என்று அடுப்படியில் நின்று சத்தமாகவே சொன்னாள்.

மறுநாள் அதே பஸ்ஸில் போனாள். நெற்றியில் பிளாஸ்டர், பிளாஸ்டருக்கு மேலே பொட்டு.

சிஸ்டரின் நாற்காலி வெறுமையாக இருந்தது. தினமும் கஜலக்சுமி நிற்கும் இடத்தில், அலமாரியோடு ஒட்டிக்கொண்டு சிஸ்டர் நின்றிருந்தார். சால்வையைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"இரத்தம் வந்தது. நீங்கள் சூனியக்காரி இல்லை" என்றார். "பிழை என்னிலைதான். என்னை என்ன செய்யப் போறியள்?"

கஜலக்சுமி கஞ்சிக் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். அகதி முகாமில் இரண்டு வருடம் இந்தக் கேள்வியோடுதான் அவள் படுத்தெழும்பியிருக்கிறாள். அப்போது எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாளோ, அதையே சொன்னாள்.

"நீங்கள் இஞ்சையே இருக்கலாம்."

சிஸ்டர் நம்பவில்லை. "கீழை அனுப்பமாட்டியளோ?"

"நீங்கள் இஞ்சையே இருக்கலாம்."

"நாளைக்கும்?"

"நீங்கள் இஞ்சையே இருக்கலாம்."

மூன்று தரமும் பதில் மாறவில்லை. அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் இருத்தினாள். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து, வழக்கம்போல நின்றபடியே, முதல் கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். சிஸ்டர் ஒத்திலியா கையை நீட்டி, மற்ற நாற்காலியில் கிடந்த ஊன்றுகோலை எடுத்துத் தரையில் வைத்தார்.