ஜெயந்தி பெயரில் ஒரு பலகை

போன மாதம் ராயபுரத்தில் ஒரு கடைக்குள் நின்று கத்திவிட்டு வந்தேன். கத்துவது எனக்குப் புதிதல்ல என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த முறை நான் கத்தியது, நான் மதிக்கிற ஒரு மனிதரைப் பார்த்து.

காதர் அண்ணன். கப்பல் சாமான் கடை வைத்திருக்கிறார். கயிறு, கொக்கி, மிதவை, லைஃப் ஜாக்கெட்... ஒரு பக்கச் சுவர் முழுக்க இதுதான். மறுபக்கச் சுவர் முழுக்க விண்ட்சர்ஃபிங் பலகைகள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆளைவிட நீளமான ஒரு பலகை, அதன் நடுவே ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பாய். பலகை மேல் நின்று, பாயைக் கையால் பிடித்துக்கொண்டு, காற்று இழுக்கிற இழுப்பில் தண்ணீரில் போக வேண்டும். இன்ஜின் கிடையாது. டீசல் கிடையாது.

கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இதற்கு ஒரு கடையா என்று சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் ஈசிஆர் ஆட்கள் காரில் தேடி வந்து வாங்கினார்கள். ராயபுரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட இந்தக் கடைக்கு வழி கேட்டு வந்தார்கள்.

இப்போது? ஈ, காக்கை இல்லை.

எல்லோரும் அலைச்சறுக்குக்குப் போய்விட்டார்கள். அதற்கு ஒரு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனால் போதும். இதற்குக் கம்பம், பாய், கைப்பிடி, கயிறு என்று ஒவ்வொன்றாகக் கோக்க முக்கால் மணி நேரம். கோத்து முடித்து நிமிர்ந்தால் காற்று நின்றிருக்கும். யாருக்கு இருக்கிறது அவ்வளவு பொறுமை?

மிச்சம் இருக்கிற சில பேரும் கடைக்கு வந்து இரண்டு மணி நேரம் சந்தேகம் கேட்பார்கள். தடவிப் பார்ப்பார்கள். அவர் வாங்கித் தருகிற டீயைக் குடிப்பார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போய் செல்போனில் வேறெங்கோ ஆர்டர் போடுவார்கள். இவர்களைத் திட்ட என்னிடம் வார்த்தை இருக்கிறது. பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

கடைசியில் அண்ணன் அந்தப் பாதிக் கடையைக் காலி செய்வதென்று முடிவெடுத்தார். மோட்டார் ரிப்பேர் கடை ஒன்று அந்த இடத்துக்கு வருகிறது. இருக்கிற ஏழு பலகைகளையும் ஒரு ரெஸ்டாரன்ட்காரர் கேட்டார். சுவரில் மாட்டுவதற்காம். சாப்பிட வருகிறவர்கள் அதன் முன் நின்று செல்ஃபி எடுப்பார்களாம்.

போகட்டும். தூசி படிந்து கிடப்பதற்கு அது மேல்.

ஆனால் அண்ணன் ஆறுதான் தருவேன் என்றார். ரெஸ்டாரன்ட்காரரோ, அந்த ஏழாவது, மஞ்சள் பலகைதான் போட்டோவில் எடுப்பாக இருக்கும், அது இல்லையென்றால் எதுவுமே வேண்டாம் என்றார். கயிறு வாங்கப் போன நான் இதைக் கேட்டுத்தான் கத்தினேன்.

மஞ்சள் பலகையின் மூக்கில் கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: ஜெயந்தி – 54.

இது அந்தக் கடையின் பழக்கம். பலகை பிடித்திருக்கிறது என்று யார் சொன்னாலும், கயிறு எடை போடுகிற தராசில் அண்ணன் ஆளை ஏற்றிவிடுவார். ஆளின் எடைக்குத் தகுந்த பலகைதான் தாங்கும் என்பதால், எடை பார்த்து, பலகையைத் தேர்ந்தெடுத்து, அதில் பெயரையும் கிலோவையும் எழுதிவிடுவார். எழுதிவிட்டால் அது அவருடையது. வேறு யார் கேட்டாலும் கிடையாது.

ஜெயந்தி அதை எழுத வைத்துவிட்டுப் போய் எட்டு வருடம்.

"அண்ணே, ஒரு பைசா குடுத்தாளா அவ? எட்டு வருஷம் எட்டிப் பாக்கல. தின்னர் வாங்கியாரேன், பேர அழிச்சிட்டுக் குடுத்துடு!"

"எய்தினது நானு. வாணாம்னு சொல்ல வேண்டியது அது. நீ யாரு நடுவுல?"

"அந்தப் பொண்ணு மறந்தே போயிருக்கும்."

"மறந்தா மறக்கட்டும். துட்டு குடுத்தாத்தான் வாக்கா? இன்னா ரைட்டரம்மா நீ... பேப்பர்ல அவ்ளோ பேசற, இங்க வந்து இப்டி பேஜார் பண்ற?"

மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. கத்துவதை நிறுத்திவிட்டு, யார் அந்த ஜெயந்தி என்று கேட்டேன்.

வியாசர்பாடிப் பெண். காட்டுப்பள்ளி பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை. யார்டுக்குக் கயிறு வாங்க வந்தபோது மஞ்சள் பலகையைப் பார்த்திருக்கிறாள். "நீச்சல் தெரியும்ணே, கத்துக் குடுப்பியா?" என்று கேட்டாளாம். கல்யாணம் முடிந்து வருகிறேன் என்று போனவள்தான். அவள் கொடுத்த நம்பரை இப்போது வேறு யாரோ வைத்திருக்கிறார்கள்.

காட்டுப்பள்ளியில் பாதிப் பேரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அதில் ஒரு வசதி... எல்லோர் நம்பரும் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது நாள் ஆள் கிடைத்துவிட்டாள். இப்போது சூப்பர்வைசர். விஷயத்தைச் சொன்னேன். லாரி சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"அந்த மஞ்சக் கலராக்கா? இன்னும் அங்கியே கீதா?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல ஆகிருதி. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அண்ணன் கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை.

"வாம்மா. தராசுல ஏறு."

அவருடைய பழக்கதோஷம். இவளும் ஏறினாள். எண்பத்தொன்று.

மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்தோம்.

"ரெண்டு பெத்துட்டேன்ணே," என்றாள் ஜெயந்தி. "நைட் ஷிப்டு வேற. சோறு, தூக்கம் எதுக்கும் நேரங்காலம் கெடையாது."

அண்ணன் பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். எட்டு வருடமாக அதைத் துடைத்திருக்கிறார், வெயில் படாமல் இடம் மாற்றியிருக்கிறார், கேட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் ஐம்பத்து நாலு கிலோவிலேயே நிற்க மாட்டாள் என்பது மட்டும் ஒருநாளும் அவருக்குத் தோன்றவில்லை. முப்பது வருட வியாபாரி! கடையில் ஸ்டாக்தான் வைத்தது வைத்தபடி இருக்கும். வாங்க வருகிறவர்கள் இருப்பார்களா?

"இது உன்ன மூய்கடிக்காது. ஆனா நிக்க வுடாதும்மா. தள்ளிக்கினே இருக்கும். புச்சா கத்துக்கிறவங்களுக்கு ஆவாது," என்றார்.

"வுடுண்ணே. எனக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான்." ஜெயந்தி என் பக்கம் திரும்பினாள். "தின்னர் இருந்தா குடுக்கா. நானே அயிச்சிடறேன்."

ஆமாம், நான் ஒரு பாட்டில் வாங்கித்தான் வைத்திருந்தேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. துணியில் நனைத்து அவள் தன் பெயரைத் தானே தேய்த்தாள். முதலில் எண் போனது. பிறகு எழுத்து எழுத்தாகப் பெயர். ஏழு பலகைகளும் இனி ரெஸ்டாரன்டுக்குத்தான். நான் கத்திக் கேட்டது நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இல்லை.

அண்ணன் அங்கே இல்லை. கடையின் பின்பக்கம் எதையோ உருட்டுகிற சத்தம்.

வெளியே வந்தபோது அவர் தலைமேல் ஒரு பலகை. வெள்ளை, கதவு அகலம், ஓரமெல்லாம் ஒட்டுப் போட்டது. அவர் வாலிபத்தில், துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல்காரரிடம் வாங்கி, அவரே கற்றுக்கொண்ட பலகை. ஏழு பலகைக் கணக்கில் இது சேரவே சேராது. மூக்கில் எழுதியிருந்தது: காதர்.

கீழே இறக்கி வைத்தார். ஜெயந்தி கையிலிருந்த துணியை வாங்கினார். தன் பெயரைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"இன்னாண்ணே பண்ற? இது உன்னுதாச்சே!"

"இது எருமையே ஏறினாலும் தாங்கும்."

"யார எருமன்ற?"

"பொதுவா சொன்னம்மா..."

அவள் பக்கத்தில் கிடந்த கயிற்றுச் சுருளால் அவர் தோளில் ஒன்று போட்டாள். சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கயிற்றின் விலைச் சீட்டைப் படிக்கிற மாதிரி திரும்பி நின்றேன்.

அன்றைக்கே போய்விட்டோம். முகத்துவாரக்குப்பம் வரை டாடா ஏஸ். அங்கே ஆறு கடலில் சேர்கிற தண்ணீரை நான் புகழ மாட்டேன். சாம்பல் கலந்த தண்ணீர், எண்ணெய் நாற்றம். அதை அப்படி ஆக்கியவர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். ஆனால் மதியத்துக்கு மேல் கடல் காற்று ஒழுங்காக வருகிறது. அதை யாரும் இன்னும் கெடுக்கவில்லை.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னாக்கா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

"காதர் மாமு, பாய தலகீயா கட்டிக்கீற!"

"நீ மூடு. உன் வலையப் பாரு," என்றார் அண்ணன், இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையைப் பிடித்தபடி.

ஜெயந்தி விழுந்தாள். எழுந்தாள். விழுந்தாள். ஒவ்வொரு முறையும் கரையிலிருந்து எண்ணினார்கள். பத்து வரை எண்ணியதும் அவர்களுக்கே அலுத்துவிட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் பாய் நிமிர்ந்தது. அவள் முட்டியை மடக்கி, பல்லைக் கடித்து, நின்றாள். பலகை நகர்ந்தது. அண்ணன் கை தானாக விட்டது. ஒரு தென்னை உயரத் தூரம் போயிருப்பாள். அப்புறம் தொப்பென்று விழுந்து, தண்ணீருக்குள்ளிருந்து அவள் கத்திய கத்தலை நான் எழுத்தில் போட முடியாது. வலைக்காரர்கள் விசிலடித்தார்கள்.

"திருப்ப எப்டிண்ணே?" என்றாள்.

"அது ஒரு நாள்ல ஆவாது," என்றார் அவர். "அட்த்த ஞாயித்துக்கெயம."

பாதிக் கடை போய்விட்டது. இந்த வாரம் நடுவில் தடுப்புச் சுவர் எழும்பிவிட்டது. ஜெயந்திக்குக் கம்பம், பாய் எல்லாம் கோத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மீதிக் கடையையும் பூட்டிவிடுகிறார் அண்ணன். போனையும் எடுப்பதில்லை.

யாருக்காவது கயிறு வேண்டுமென்றால் திங்கட்கிழமை போங்கள்.